உங்களுக்குத் தெரியுமா? நுரையீரலுக்காக ஒரு வேலைநிறுத்தம்

1969 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சுமார் 40,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிற்சங்கத் தலைமை அழைக்காத போராட்டம் அது! கேட்டது, கரித்தூசு படிந்து நுரையீரல் கறுத்து இறுகும் நோய்க்கு இழப்பீடு. அதற்கு முன் கம்பெனி டாக்டர்கள் அதை ‘சுரங்க ஆஸ்துமா’ என்று தள்ளிவிடுவது வழக்கம். மூன்று மருத்துவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். அவர்களில் ஹாவி வெல்ஸ், கறுத்துக் காய்ந்த நுரையீரல் துண்டை மேடையிலேயே விரல்களால் நொறுக்கிக் காட்டுவார். (நாடகம்தான், ஆனால் எக்ஸ்ரே படம் இவ்வளவு பேசியிருக்குமா?) மூன்றே வாரத்தில் மாநில அரசு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட மத்தியச் சட்டம் சுரங்கக் காற்றிலுள்ள தூசுக்கும் வரம்பு வைத்தது: கன மீட்டருக்கு முதலில் 3 மில்லிகிராம், பிறகு 2.