பதிவேட்டில் ஏறாத நோய்கள்

ஓர் ஊரில் எத்தனை பெண்கள் நோயுற்றிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டி விடை சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள், அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பெண் தன் வேதனையை நோய் என்று உணர்ந்திருக்க வேண்டும், உணர்ந்ததை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும், சொன்னபின் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் காசு தேடி, முன்பின் அறியாத ஆண் வைத்தியரின் எதிரே கூச்சத்தை விழுங்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இத்தனை வாயில்களையும் கடந்து வந்தவர்களின் கணக்கே ஆஸ்பத்திரியின் கணக்கு. கடக்க முடியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களின் கணக்கு வேண்டுமானால், ஆராய்ச்சியே ஊருக்குப் போய்க் குடியேறியாக வேண்டும். பிராந்திய ஆராய்ச்சி நிலையங்கள் எதற்காக என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குச் சிறந்த சாட்சி கட்சிரோலி.

மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், சத்தீஸ்கரையும் தெலங்கானாவையும் தொட்டுக்கொண்டு, பெரும்பகுதி வனமாகவும் கோண்டு முதலிய ஆதிவாசிகளின் வாசஸ்தலமாகவும் விளங்கும் அந்த ஜில்லா, 1982-இல் சந்திரபூரிலிருந்து பிரிக்கப்பட்டது. நாகபுரியில் வைத்தியம் கற்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பிய ராணி பங், அபய் பங் என்ற தம்பதிகள், 1986-இல் அங்கே வந்து தங்கி, 'ஸெர்ச்' என்ற ஸ்தாபனத்தை நிறுவினார்கள். பெரிய கட்டிடங்களைக் கண்டு அஞ்சிய ஆதிவாசிகளின் விருப்பத்தைக் கேட்டறிந்து, அவர்களுடைய கிராமத்தின் சாயலிலேயே குடில் குடிலாக ஆஸ்பத்திரியை அமைத்து, அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி தேவியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். ஷோத்கிராம் என்ற அந்த வளாகத்தில் ஆராய்ச்சியும் சிகிச்சையும் அன்றிலிருந்து கைகோத்தே நடந்து வருகின்றன.

ராணி பங் மகளிர் நோய் வைத்தியர். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, மாதவிடாய்க் கோளாறு என்று கிராமத்து ஸ்திரீகள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்ளும் துன்பங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அறிய, இரண்டு கிராமங்களைத் தேர்ந்து, நோயென்று வந்தவர்களை மட்டுமின்றி ஒன்றுமில்லை என்று சொன்னவர்களையும் அழைத்து, 650 பேரை அவருடைய குழு பரிசோதித்தது. முடிவுகள் 1989-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனின் 'லான்செட்' வைத்தியச் சஞ்சிகையில் வெளியாயின. நூற்றுக்கு 92 பேருக்கு ஒரு நோயாவது இருந்தது. சராசரியாக ஒவ்வொருவருக்கும் 3.6 நோய்கள், அவற்றில் பாதி, பிறப்புறுப்புப் பாதையின் தொற்றுகள். அதற்கு முன் இத்தகைய பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்களோ நூற்றுக்கு 8 பேர்தான்.

இந்த எண்களுக்குள் இன்னும் ஒன்று அடங்கிக் கிடக்கிறது. பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேர் தமக்குக் குறை உண்டென்று சொன்னார்கள். 45 பேர் எதுவுமில்லை என்றார்கள். குறை சொன்ன 55 பேருமே நோயாளிகள் என்று வைத்துக்கொண்டாலும், மொத்த நோயாளிகள் 92 பேர் என்றால், ஒன்றுமில்லை என்று சொன்ன அந்த 45 பேரில் குறைந்தது 37 பேர் நோயைச் சுமந்துகொண்டிருந்தார்கள் என்றாகிறது. கேள்விப் பட்டியலை மட்டும் கையில் ஏந்தி வீடு வீடாகப் போய்வரும் கணக்கெடுப்பு இவர்களை ஆரோக்கியசாலிகள் என்றே எழுதியிருக்கும். சிலருடைய தொற்று அறிகுறி காட்டாமல் இருந்திருக்கலாம். சிலர் பெண்ணாய்ப் பிறந்தால் பட்டுத்தான் தீரவேண்டும் என்று சகித்துப் பழகியிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, நம்பிக்கைக்குரிய ஒரு பெண் வைத்தியரும் பக்கத்திலேயே ஒரு பரிசோதனைக் கூடமும் வேண்டியிருந்தன.

அந்நாளில் அரசாங்கங்களின் மாதர் நலத் திட்டம் என்பது பெரும்பாலும் பிரசவமும் குடும்பக் கட்டுப்பாடுமாகவே இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு, கருத்தடை செய்துகொண்டுவிட்ட பெண்ணுக்கு, மணமாகாத பெண்ணுக்கு, அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. பெண்களுக்கான கருத்தடை முறைகளுக்கும் இந்நோய்களுக்கும் ஒரு தொடர்பு தென்படுவதையும், ஆனால் நோய்ப் பளுவில் ஒரு சிறு பகுதிக்கே அது காரணமாக முடியும் என்பதையும் அதே கட்டுரை எடுத்துரைத்தது. ஜனத்தொகையைக் குறைப்பதே குறிக்கோள் என்ற பார்வையிலிருந்து, பெண்ணின் இனப்பெருக்க நலமும் உரிமையுமே முதன்மை என்ற பார்வைக்கு உலக நாடுகளை நகர்த்திய 1994-ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாட்டுக்கு முன்னோடியாக அமைந்த சான்றுகளில் கட்சிரோலி ஆய்வும் ஒன்று.

கிராமத்து யுவர் யுவதிகளுக்குத் தம் தேகத்தைப் பற்றிச் சொல்லித்தரும் மனிதர் ஒருவருமில்லை என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. அதற்காக ஏற்பட்டதே 'தாருண்யபான்' என்ற கல்வித் திட்டம். பருவ மாற்றங்கள், உறவுகள், பால்வினை நோய்கள் ஆகியவற்றைப் பற்றி மறைக்காமலும் கொச்சைப்படுத்தாமலும் பேசுவது அதன் வழி. ஆண்களின் குடியை எதிர்த்து ஜில்லாவில் எழுந்த ஜனக் கிளர்ச்சியிலும், அதன் பயனாக 1993-இல் வந்த மதுவிலக்கிலும் பெண்களின் பங்கு பெரிது.

ஸெர்ச்சின் ஆய்வுகளில் சிசு மரணத்தைப் பற்றியதே அதிகம் அறியப்பட்டது. ஓரளவே பள்ளிப் படிப்புள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பிறந்த குழந்தையை நிறுக்கவும், கதகதப்பில் வைக்கவும், மூச்சுத்திணறலைக் கவனிக்கவும், தொற்றுக்கு ஊசி மருந்து போடவும் கற்பித்து, 39 கிராமங்களில் வீடுதேடிப் போகச் செய்தார்கள். இத்திட்டம் செல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். மூன்றாம் ஆண்டில், உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களில் முதல் மாதத்திலேயே இறந்தவை அங்கே ஏறக்குறைய 60. திட்டம் நடந்த கிராமங்களிலோ 26-க்கும் குறைவு. இந்த முடிவு 1999-இல் பிரசுரமாயிற்று. 2011-இல் மத்திய அரசாங்கம், இதே வழியில், கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களான ஆஷா பணியாளர்கள் பிரசவமான வீடுகளுக்கு 42 நாட்களுக்குள் பலமுறை சென்று பார்க்கும் தேசியத் திட்டத்தை வகுத்தது.

சிசுவுக்காகச் செய்த ஆராய்ச்சி இவ்வாறு தேசத்தின் திட்டமாயிற்று. தாய்க்காகச் செய்த ஆராய்ச்சிக்கு அத்தனை பாக்கியம் கிட்டவில்லை. மகளிர் நோய்களுக்கான சிகிச்சை ஆரம்ப சுகாதார சேவையின் அங்கமாக வேண்டும் என்று 1989-இல் அந்தக் கட்டுரை கேட்டது. பெண் வைத்தியர் ஒருவர், திரைச்சீலை தொங்கும் ஒரு பரிசோதனை அறை, ஒரு நுண்ணோக்கி, தொற்றுக்கு உரிய மாத்திரைகள், நோயாளியின் கணவனையும் அழைத்துச் சிகிச்சை தருவதற்கு வேண்டிய துணிவு: அதற்கு வேண்டியது இவ்வளவே, இதற்குக் கோடிகள் தேவையில்லை. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் இவை ஐந்தும் இருக்கின்றனவா என்று அந்தந்த ஊர்ப் பெண்களும் பஞ்சாயத்துகளும் கேட்கத் தொடங்க வேண்டும்; இல்லாத இடங்களில், எப்போது வரும் என்று தேதி சொல்லும் கடமை அரசாங்கங்களுடையது.