சுரங்கம் மூடிய பின்பு குழி யாருடையது?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

நாம் காதில் அணியும் கம்மலும், வீட்டுக் கூரைக்கு வார்க்கும் கான்கிரீட்டில் கலந்த ஜல்லியும், இரவில் பாடம் படிக்க உதவும் மின்சாரத்தின் பெரும் பகுதியும் பூமியைத் தோண்டியதால் கிடைத்தவையே. தோண்டும் காலத்தில் அங்கே ஆட்கள், இயந்திரங்கள், கூலி, வரி, கணக்குப் பிள்ளை எல்லாரும் உண்டு. தாது தீர்ந்ததும் அனைவரும் புறப்பட்டுப் போய்விடுகிறார்கள். குழி மட்டும் எங்கும் போவதில்லை. அதைக் காக்கும் பொறுப்பும் செலவும் யாருடையவை என்ற கேள்விக்கு உலக நாடுகள் வெவ்வேறு விதமாக விடை கூறியுள்ளன. அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு இது எங்கோ நடக்கும் செய்தியன்று. மாமல்லபுரத்துப் பாறைகளின்மேல் ஏறிப் பார்த்த தோழியர், கல்லைப் பிளப்பதற்காக ஆப்பு வைக்க வெட்டிய சிறு பள்ளங்கள் தையல் போட்டதுபோல் வரிசையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உளியும் ஆப்பும் கொண்டு வெட்டிய காலத்தில் பாறைக்கு ஏற்பட்டது அந்தச் சிறு காயம்தான். வெடிமருந்தும் பொக்லைனும் கிரஷரும் வந்த பிறகோ குன்றே மறைந்து, அது நின்ற இடத்தில் கிணறு போன்ற பெரும் பள்ளம் உண்டாகிறது. அதில் மழைநீர் தேங்கி நின்றால் பார்வைக்குக் குளம் போலவே இருக்கும். ஆனால் அது குளம் அன்று. ஏரிக்கும் குளத்திற்கும் கரை சரிந்து இறங்கும், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று நீர் படிப்படியாக ஏறும், படித்துறையும் இருக்கும். கல்குவாரிக் குட்டையிலோ கரையிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குத் தரை இல்லை. செங்குத்தான பாறைச் சுவரில் பாசி படிந்திருப்பதால் பிடித்து ஏறவும் வழியில்லை. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் அங்கே மூழ்குவதற்கு இதுவே காரணம். கோடை விடுமுறை வந்தால் இத்தகைய செய்தி ஒன்றாவது நாளிதழில் வராமல் போவதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய ஒரு துயர நிகழ்ச்சியிலிருந்தே இத்துறையின் முக்கியச் சட்டங்களுள் ஒன்று பிறந்தது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபர்ஃபான் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமம் உள்ளது. சுரங்கத்திலிருந்து எடுத்த கழிவுக் கல்லையும் மண்ணையும் ஊருக்கு மேலுள்ள மலைச்சரிவில் ஆண்டுக்கணக்கில் கொட்டி வந்தனர். அவற்றுள் ஏழாவது மேடு ஓர் ஊற்றின் மீதே எழும்பியிருந்தது. 1966 அக்டோபர் 21 அன்று காலை சுமார் 9.15 மணிக்கு, மழையில் ஊறிய அந்த மேடு சரிந்து, கீழே இருந்த பாண்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியின்மேல் விழுந்தது. வகுப்புகள் தொடங்கிச் சற்று நேரமே ஆகியிருந்தது. இடைப்பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசி நாளும் அதுவே. மாண்டவர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள்.

சுரங்கத்தின் உள்ளே நடப்பவற்றுக்கெல்லாம் சட்டம் வைத்திருந்த அந்நாட்டில், வெளியே கொட்டிய மேட்டைக் கண்காணிக்கச் சட்டம் இருக்கவில்லை. 1969-இல்தான் கழிவு மேடுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. பயன்படுத்தாமல் விட்ட பழைய மேடுகளும் அதில் அடங்கின. இதைவிட என் மனத்தை வருத்திய செய்தி ஒன்று உண்டு. ஊருக்குமேல் எஞ்சி நின்ற மேடுகளை அகற்றும் செலவுக்காக, இறந்தோர் குடும்பங்களுக்கென உலக மக்கள் அனுப்பிய நன்கொடையிலிருந்து 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தப் பணத்தை 1997-இல்தான் அரசு திருப்பிக் கொடுத்தது, அதுவும் வட்டியில்லாமல்! முன்கூட்டியே பணம் வாங்கி வைக்காவிட்டால், பிறகு யாருடைய பையில் கை நுழைகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அமெரிக்கா அந்தப் பணத்தை முதலிலேயே கேட்டு வாங்கும் வழியைத் தேர்ந்துகொண்டது. 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலக்கரி வெட்டுபவர் வேலையைத் தொடங்கும் முன்பே பிணைத்தொகை கட்டவேண்டும். நிலத்தை ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, செடிகொடி முளைக்கச் செய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும். வீட்டை வாடகைக்கு விடுபவர் வாங்கும் அட்வான்ஸ் போன்றதே இது. சட்டம் வருமுன் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைச் சீராக்க, வெட்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஒரு சிறு கட்டணமும் வாங்குகிறார்கள். ஆனால் பொன், வெள்ளி, செம்புச் சுரங்கங்கள் இச்சட்டத்தில் சேரவில்லை. கொலராடோவிலுள்ள சம்மிட்வில் தங்கச் சுரங்கத்தை நடத்திய கம்பெனி 1992-இல் திவாலானது. கட்டியிருந்த பிணைத்தொகை போதாமல், நச்சு நீரைத் தூய்மை செய்யும் பெருஞ்செலவு பொதுமக்களின் வரிப்பணத்தில் விழுந்தது. அட்வான்ஸ் வாங்கினால் மட்டும் போதாது, போதுமான அளவு வாங்கவேண்டும் போலும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏற்பாடு நம் தாய்மார்கள் கட்டும் சீட்டைச் சற்றே நினைவூட்டுகிறது. 2012-இல் இயற்றிய சட்டத்தின்படி, சுரங்கக்காரர்கள் தத்தம் நிலத்தைச் சீராக்க ஆகும் செலவை மதிப்பிட்டு, அதில் நூற்றுக்கு ஒரு பங்கை ஆண்டுதோறும் ஒரு பொது நிதியில் செலுத்துகிறார்கள். ஒருவர் ஓடிப்போனால் நிதி கைகொடுக்கும். அதன் வட்டியைக் கொண்டு, உரிமையாளரே இல்லாத பழைய குழிகளைச் சீர்செய்கிறார்கள்.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் முடிவே இல்லாத வேலை ஒன்று நடக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலாக அடியில் நிலக்கரி எடுத்ததால் அங்கே தரையே பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றாவிட்டால் ஊர்கள் நீரில் மூழ்கும். அப்பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. பம்புகளை மட்டும் என்றைக்குமே நிறுத்த முடியாது. அச்செலவுக்கென்றே 2007-இல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தியுள்ளனர்.

அண்டை நாடான இலங்கையில், இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டுபவர், குழியைத் திரும்ப மூடுவதற்காக இரத்தினக்கல் அதிகாரசபையிடம் முன்பணம் கட்டவேண்டும். வழி எளியது, சிறு குழிகளுக்குப் பொருந்துவது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழர்கள் பெருந்தொகையாக உழைத்த சுரங்கம் கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயல். 1880-களில் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே வேலை தொடங்கியதும், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று குடியேறின. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையே சுடும் வெப்பத்தில் அவர்கள் வேலை செய்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, பாதாளத்தில் நீர் நிறைந்தது. மேலே எஞ்சியவை 13 மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய தூள் அது, சுமார் 3.3 கோடி டன் என்று கணக்கிட்டுள்ளனர். ஊரார் அதைச் 'சயனைடு மலை' என்கிறார்கள். சினிமாப் படம் பிடிக்க அது அழகான இடமாம்! காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து விழுவது அங்கே குடியிருப்பவர்களுக்கல்லவா தெரியும்? அந்தத் தூளில் மிஞ்சிய பொன்னை ஏலம் விட்டு எடுக்க, 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

சுரங்கத்தை மூடும் திட்டம் ஒன்றை முன்கூட்டியே தரவேண்டும் என்ற விதி நம் நாட்டில் வந்தது 2003-ஆம் ஆண்டு ஏப்ரலில். கோலார் மூடி அப்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்விதி இன்றும் உள்ளது. தோண்டிக்கொண்டிருக்கும்போதே படிப்படியாகச் சீராக்கும் திட்டம் ஒன்று, இறுதியாக மூடும் திட்டம் ஒன்று என இரண்டு வேண்டும். பிணைத்தொகையும் உண்டு. 2017-இல் பெரிய சுரங்கங்களுக்கு எக்டேருக்கு 3 இலட்சம் ரூபாய் என இருந்ததை, 2021-இல் 5 இலட்சம் ஆக்கினர். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வேலை முடிந்த சுரங்க நிலத்தில் கால்நடைகளுக்கு ஏற்ற புல் வளர்த்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகையில் சேர்க்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆடுமாடுகளையும் நினைத்துப் பார்த்த அத்தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இவ்வளவும் இரும்பு, சுண்ணாம்புக்கல், பொன் போன்றவற்றுக்கே. கட்டடக் கல்லும் ஜல்லியும் சட்டத்தின் பார்வையில் 'சிறு கனிமங்கள்'. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அவற்றை மாநில அரசுகளிடம் ஒப்படைத்துள்ளது. ஆகவே மேலே சொன்ன 5 இலட்ச ரூபாய் விதி நம் ஊர்க் கல்குவாரிகளுக்கு இல்லை. தமிழ்நாட்டில் அவற்றை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள். ஐந்து எக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியபின், புதிய குவாரிகளுக்குக் கட்டுப்பாடு கூடியுள்ளது. அதற்கு முன்பே தோண்டி முடித்துக் கைவிட்ட பள்ளங்களுக்கு யாரைப் போய்க் கேட்பது? குத்தகைதாரரின் காலம் முடிந்துவிட்டது. குழி மட்டும் ஊர் எல்லையில் வாய் திறந்து கிடக்கிறது.

எல்லாப் பள்ளத்தையும் மண் போட்டு மூடிவிடுவதே நல்லது என்று சிலர் கூறுவர். அதை நான் ஏற்கவில்லை. அவ்வளவு மண்ணுக்கு இன்னொரு குழி தோண்டவேண்டும்! அன்றியும், 2017-இல் மழை பொய்த்துச் சென்னை தவித்தபோது, மாங்காட்டுக்கு அருகிலுள்ள சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட கல்குவாரிகளிலிருந்து நீர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் வரை நகருக்கு அனுப்பினர். 2019-ஆம் ஆண்டுப் பஞ்சத்திலும் அவையே உதவின. மூடியிருந்தால் அந்த நீர் ஏது?

வேண்டியது மண் அன்று. ஒரு பக்கச் சுவரையாவது சரிவாக வெட்டிப் படி அமைப்பதும், சுற்றிலும் வேலியும், அந்த வேலி அறுந்தால் கேட்பதற்கு ஓர் ஆளும்தான். கைவிடப்பட்ட சுரங்க வாயில் யாரும் விழாதபடி அடைப்பு அமைக்கவேண்டும் என்பது 1961 முதலே மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு விதிகளில் உள்ளது. அமெரிக்காவைப் போல, இன்று வெட்டும் ஒவ்வொரு லாரிக் கல்லுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், அதைக்கொண்டு நேற்றைய குழிக்கு வேலி போடலாம். இதற்கு டெல்லிக்கு மனு எழுதவேண்டியதில்லை. 15-ஆம் பிரிவின்படி விதி எழுதும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது.