ஃப்ராப்பே: மூல நிரலிலிருந்து அமைப்பதும் சோதிப்பதும்

பல வெப்சைட்டுகளுக்கு லாகின், டேட்டாபேஸ், படிவம் போன்றவை தேவை. இவற்றை ஆயத்தமாகத் தருவதே வெப் ஃப்ரேம்வொர்க். மும்பையில் உருவான ஃப்ராப்பே அப்படிப்பட்ட ஓப்பன் சோர்ஸ் தொகுப்பு. இஆர்பிநெக்ஸ்ட் என்னும் வணிக சாப்ட்வேர் இதன் மேல்தான் இயங்குகிறது.

லினக்ஸ் கம்ப்யூட்டரில் பைத்தான், நோட், மரியாடிபி, ரெடிஸ் ஆகியவற்றை இன்ஸ்டால் செய்து, பிறகு 'பெஞ்ச்' என்னும் கருவியையும் பதியவும். டெர்மினலில் அதன் 'இனிட்' கட்டளையைக் கொடுத்தால் மூல நிரல் டவுன்லோட் ஆகி, ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் பைல்கள் தொகுக்கப்படும். 'ஸ்டார்ட்' கொடுத்து இயக்கிவிட்டு, இன்னொரு டெர்மினலில் 'நியூ-சைட்' மூலம் சோதனைக்கெனத் தனி சைட் உருவாக்கவும். சோதனைக்கான துணைத் தொகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளவும்.

அடுத்து 'ரன்-டெஸ்ட்ஸ்'. இங்குதான் கவனம் தேவை. இக்கட்டளை போலிப் பதிவுகளை டேட்டாபேஸில் எழுதிப் பார்க்கும். ஆழ்வார்குறிச்சியில் மளிகைக் கடை நடத்துபவர் தம் கணக்கு உள்ள சைட்டில் இதை இயக்கினால், உண்மைப் பதிவும் போலிப் பதிவும் கலந்துவிடும். அதனால்தான் 'அலவ்_டெஸ்ட்ஸ்' என்பதை நீங்களே அந்த சைட்டின் அமைப்பில் அனுமதித்தால் மட்டுமே சோதனை தொடங்கும். அந்த அனுமதியைச் சோதனை சைட்டுக்கு மட்டும் கொடுங்கள். கடை சைட்டுக்கு பேக்கப் எடுத்து வைத்த பிறகே எதையும் தொடங்கவும்.

சோதனை எதுவும் தவறினால் அதன் பெயர் திரையில் தோன்றும். தேடலை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.