விளையாட்டுக்கும் ஓர் அண்ணாவியார் வேண்டும்

1990 இல் மடுவில் கொட்டில் போட்டவர்களும் 2007 இல் முசலிப் பகுதியிலிருந்து வெளியேறியவர்களும் இதை அறிவர். அரிசிக்கும் தறப்பாளுக்கும் வரிசையில் நின்றோம். பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

வயலும் குளமும் கைவிட்டுப் போன வீட்டில் விளையாட்டு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சுக் குறைந்த பிள்ளைக்கும், இரவில் திடுக்கிட்டு எழும் பிள்ளைக்கும் நடந்ததைச் சொல்லச் சொற்கள் கிடைப்பதில்லை. களிமண்ணில் வீடு செய்து, உடைத்து, மறுபடி கட்டும்போது அது வெளியே வருகிறது. ஒருவர் துணைநின்று இதை ஒழுங்காகச் செய்விப்பதையே ஆற்றுப்படுத்தும் விளையாட்டு என்கிறோம். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்குப் பல்கலைக்கழகப் படிப்பும் வைத்தியசாலைகளில் வேலையும் உண்டு.

எமது நாட்டில் நல்ல உதாரணம் மட்டக்களப்பில் கிடைக்கிறது. ரொறொன்ரோவில் உடற்குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான நிலையமொன்றின் தோட்டத்தில் பணியாற்றிய ஓவியர் போல் ஹோகன், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாருடன் சேர்ந்து, 1996 இல் அங்கு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் வாரம் ஒருநாளாக ஒன்பது மாதங்கள் வந்துபோயினர். வண்ணம் தீட்டினர், கதை கட்டினர், நாடகம் போட்டனர், மிருகங்களைப் பராமரித்தனர். அவர்களோடு நின்றவர்கள் அதே மண்ணின் இளைஞர் யுவதிகள். தாமும் போரைக் கண்டவர்கள். வேலை செய்துகொண்டே அவர்கள் இத்தொழிலைப் பழகினார்கள்.

செய்து பழகியவர் கற்பிப்பவராவது மன்னாருக்குப் புதிதல்ல. வாசாப்பும் நாடகமும் ஆடிய எமது ஊர்களில் அண்ணாவியார் எப்படி உருவானார்? சிறுவயதில் சின்னப் பாத்திரம் ஏற்றார், பிறகு கொப்பி முழுவதையும் பாடமாக்கினார், அதன்பின்தான் பிறருக்குப் பழக்கினார். இத்தொழிலின் பாதையும் அதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அண்ணாவியார் தவறிய அடியைத் திருத்துவார். இங்கோ பிள்ளை செய்த களிமண் மாடு மாடு போல இல்லாவிட்டாலும் திருத்தக் கூடாது. கேள்வி கேட்டுக் குடையவும் கூடாது. புதியவர்களுக்கு (எமது ஆசிரியர்களுக்கு இன்னும் கூடுதலாக) இதுதான் கடினம்.

கற்பிக்கும் நிலைக்கு வர விரும்புபவர் முதல் நாளிலிருந்தே கொப்பி ஒன்று வைத்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளை ஒதுங்கி நின்றது, எந்த விளையாட்டில் வந்து சேர்ந்தது, எப்போது அழுதது என்று எழுத வேண்டும். பின்னாளில் வகுப்பெடுக்கும்போது இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வகுப்பில் சொல்லக் கூடாது.

உங்கள் வீட்டில் சிறுபிள்ளைகள் சுற்றித் திரியும் ஒரு மகளோ மகனோ இருந்தால், இப்போதே தொடங்கலாம். வாரம் ஒருமுறை, அதே நாள், அதே மரநிழல். கிளித்தட்டு, களிமண், ஒரு கதை போதும். நாள் தவறக் கூடாது. பல இடம் மாறிய பிள்ளைக்குத் தவறாமல் வரும் ஒரு நாளே பெரிய ஆறுதல். பல நாட்களாக உண்ணாமலோ பேசாமலோ இருக்கும் பிள்ளைக்கும், தன்னையே காயப்படுத்தும் பிள்ளைக்கும் விளையாட்டு மட்டும் போதாது. தாமதிக்காமல் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். விளையாட்டு நாளிலும் வழமைபோல் சேர்த்துக்கொள்ளுங்கள்.