தொட்டித் தண்ணீரில் உப்பு எவ்வளவு? மீட்டர் சொல்வதை நம்பலாமா?



கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த நமக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி ஒருத்தர் சொல்லித் தர வேண்டுமா என்றுதான் எங்கள் குழுவிலும் நினைத்தோம். நாக்கில் ஒரு சொட்டு விட்டால் தெரியாதா? தெரியாதுங்க. 35-க்கும் 41-க்கும் நாக்கு வித்தியாசம் சொல்லாது. ஆனால் மீன் சொல்லிவிடும், செத்துப்போய்.

என்ன இந்த 35? ஒரு கிலோ கடல் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. திறந்த கடலில் பொதுவாக 35 கிராம் இருக்கும். இதைத்தான் 35 பிபிடி என்கிறார்கள். நம் பாக் நீரிணைப் பக்கம் வருசம் பூரா இது ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வங்காள விரிகுடாவிலிருந்து உப்பு குறைந்த தண்ணீர் உள்ளே வந்து, அளவு இறங்கிவிடும். அதனால் "கடல்ல மொண்ட தண்ணிதானே" என்று அளக்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிக் குஞ்சுகளை வாங்கி, வீட்டில் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து விற்கலாம் என்று எங்கள் குழுவில் தீர்மான நோட்டில் எழுதி, சங்கக் கடன் எடுத்து ஆரம்பித்தோம். முதல் கோடையிலேயே அடி விழுந்தது.

வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் இரண்டு விரல் இறங்கும். கடல்தான் வாசலில் இருக்கிறதே, ஒரு குடம் மொண்டு வந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மீட்டர் 37 காட்டியது. ஒன்றிரண்டு கூடினால் என்ன என்று விட்டுவிட்டோம். மீன் இரை எடுக்கவில்லை, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பக்கத்து ஊர்க் குழுவின் மீட்டரை வாங்கி வந்து பார்த்தால் 41! பதறிப்போய் ஒரே நேரத்தில் நாலு குடம் நல்ல தண்ணீரை ஊற்றினோம். பிழைத்துக் கிடந்ததும் மறுநாள் காலையில் மிதந்தது. அந்தக் கடனைச் சேமிப்பிலிருந்துதான் கட்டினோம்.

எங்கே தப்பு? இரண்டு இடத்தில்.

முதலாவது, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு போகாது. 100 லிட்டர் தொட்டியில் 35 அளவில் சுமார் மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. 10 லிட்டர் வற்றினாலும் அந்த மூன்றரைக் கிலோ அப்படியே இருக்கும். அதன் மேல் 10 லிட்டர் கடல் தண்ணீர் ஊற்றினால் இன்னும் 350 கிராம் சேர்ந்து 38-ஐத் தாண்டும். இப்படி மூன்று தடவை செய்தால் 45-க்குப் போய்விடும். ரசம் சுண்டினால் என்ன செய்வோம்? வெந்நீர் ஊற்றுவோமா, இன்னும் உப்புப் போடுவோமா? வற்றிப் போனதற்கு நல்ல தண்ணீர், நாம் அள்ளி வெளியே கொட்டியதற்குக் கடல் தண்ணீர். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்து, தினமும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்று விட்டு வைத்துதான் ஊற்ற வேண்டும். நம் ஊர் போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது தப்பு மீட்டரில். எங்களிடம் இருந்தது கண்ணில் வைத்துப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர். தண்ணீரில் நிறுத்திய கம்பு வளைந்து தெரியும் அல்லவா? உப்பு கூடக்கூட வெளிச்சம் இன்னும் அதிகமாக வளையும். அதை வைத்துத்தான் அது கணக்குச் சொல்கிறது. முதலில் நல்ல தண்ணீர் விட்டு, திருகைத் திருப்பி, சைபரில் நிறுத்த வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். நாங்கள் விட்டது போர்த் தண்ணீர். அதிலேயே நாலு கிராம் உப்பு! அதையே சைபர் என்று வைத்ததால் எல்லா அளவும் நாலு குறைத்துக் காட்டியது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரியானது.

சைபரைச் சரிபார்த்தால் மட்டும் போதாது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டோம். தராசு காலியாக இருக்கும்போது முள் நேராக நின்றால் மட்டும், எடை சரியாக நிறுக்கும் என்று சொல்ல முடியுமா? படிக்கல் வைத்துப் பார்க்க வேண்டும். சில மீட்டர்கள் சமையல் உப்புக் கரைசலுக்காகச் செய்தவை. அவற்றில் 35 அளவுள்ள கடல் தண்ணீர் 36.5 என்று காட்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இதற்குப் படிக்கல்லை நம் அடுப்படியிலேயே செய்யலாம். 36.5 கிராம் தூள் உப்பு, 963.5 கிராம் டிஸ்டில்டு வாட்டர். இரண்டையும் எடை போட்டுக் கலக்கினால் சரியாக ஒரு கிலோ. இந்தக் கரைசலும் 35 பிபிடி கடல் தண்ணீரும் வெளிச்சத்தை ஒரே அளவு வளைக்கும். உப்பின் எடை நாலரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதனால் நகை நிறுக்கும் சின்னத் தராசுதான் சரிப்படும். ஸ்பூன் கணக்கு ஆகாது. கல்லுப்பில் ஈரம் இருக்கும், எடை பொய் சொல்லும். புதுப் பாக்கெட் தூள் உப்பே எடுங்கள். இந்தக் கரைசலை மீட்டரில் விட்டு, திருகைத் திருப்பி 35-இல் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு சைபர் கொஞ்சம் தள்ளி நின்றாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது 35 பக்கம் சரியாக இருப்பதுதான். மீதியை இறுக மூடிய பாட்டிலில் வைக்க வேண்டும். மூடி லூசாக இருந்தால் அதுவும் சுண்டிப்போகும்.

பார்க்கும்போது கண்ணாடியில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுங்கள், மீட்டரின் சூடும் தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும். வெயிலில் நின்று பார்த்தால் சொட்டே வற்றி அளவு ஏறிவிடும்.

பிளாஸ்டிக் முள் ஆடுகிற ஹைட்ரோமீட்டர் விலை குறைவுதான். ஆனால் முள்ளில் குமிழி ஒட்டினால் கூட்டிக் காட்டும், உப்புப் பொறுக்குத் தட்டினால் குறைத்துக் காட்டும். அதை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பளத்தில் டிகிரி பார்க்கிற கருவி கொண்டு தொட்டியைப் பார்க்கலாமா என்று வாலிநோக்கம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஆகாது. அதில் ஒரு டிகிரி என்பது நமக்குப் பத்து பிபிடி. பாத்தியில் உப்பு விளையும் பருவம் பார்க்க அது போதும், மீனுக்குப் போதாது.

அளவு தப்பியிருந்தால் எங்களைப் போலப் பதறாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பிபிடிக்கு மேல் மாற்ற வேண்டாம். மீன் கொடுக்கும்போது வியாபாரியிடம் அவர் தொட்டி அளவு என்ன என்று போனில் கேளுங்கள். அவருடையது 30, நம்முடையது 35 என்றால், அனுப்பும் முன்பே நாலைந்து நாள் எடுத்து இறக்கி அனுப்பலாம். "உங்க மீன் வந்ததும் செத்துச்சு" என்று பணத்தைப் பிடிக்கிற பேச்சு குறையும்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மீட்டரைக் கையோடு எடுத்து வாருங்கள். கரைசல் பாட்டிலை நாங்கள் கொண்டு வருகிறோம். எல்லா மீட்டரையும் ஒரே கரைசலில் வைத்து, எது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று பார்த்து, அதன் மேலேயே ஒட்டு ஒட்டி எழுதிவிடலாம்.