பயிர்க்காவல் துப்பாக்கியும் குழலின் நீளமும்

துப்பாக்கி வாங்க எண்ணும் குடியானவர் முதலில் விசாரிப்பது அதன் விலையை. அடுத்து விசாரிப்பது ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா என்பதை. குழல் எத்தனை அங்குலம் என்று கேட்பவர் அரியர். ஆயினும் குறி தப்பாமை, குண்டின் வேகம், லைசென்சு கிடைப்பது ஆகிய மூன்றுக்கும் அந்த அங்குலக் கணக்கே பெரும்பாலும் ஆதாரமாக இருக்கின்றது. மணிலாக்கொட்டைக் கொல்லையை ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் உழுதுவிட்டுப் போன மறுநாள், கிராமச் சாவடியில் கூடிப் பேசுவோர், "நீளத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இரவில் வரப்பின் மேல் நடப்பது எப்படி? கைக்கடக்கமான ரிவால்வர் ஒன்று இருந்தால் போதாதா?" என்று சொல்வதுண்டு. இப்பேச்சு கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். அதை ஆராய்ந்து பார்ப்பது அங்கத்தினர்களுக்குப் பயன்படும்.

ரிவால்வரால் வேட்டையாடும் வழக்கம் உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கின்றது. அங்கே ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1935-ம் ஆண்டில் .357 மாக்னம் என்னும் ரிவால்வரை எட்டே முக்கால் அங்குலம் வரையுள்ள குழல்களோடு வெளியிட்டனர். எல்மர் கீத் என்னும் வேட்டைக்காரர் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன்மேல் 1955-ம் ஆண்டில் .44 மாக்னம் வந்தது. அந்நாட்டின் சில மாநிலங்கள் மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் கைத்துப்பாக்கியின் குழல் இத்தனை அங்குலத்துக்குக் குறையலாகாது என்று விதியும் செய்திருக்கின்றன. ஆகவே கைத்துப்பாக்கி வேட்டையில் மிகுந்த பழக்கமுள்ள அத்தேசத்தாரே மிகக் குட்டையான குழலை விலக்கிவிட்டனர் என்பது தெளிவு. சட்டைப்பையில் அடங்கும் இரண்டங்குல, மூன்றங்குல ரிவால்வர்கள் எதிராளி நாலடி தூரத்தில் நிற்கும்போது உயிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டவை. வயலைக் காப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

குழல் நீளத்தால் என்ன மாறுகின்றது என்பதைச் சற்று விளக்குவோம். மருந்து பற்றியவுடன் ஆவி விரிந்து குண்டைத் தள்ளுகின்றது. குண்டு குழலுக்குள் இருக்குமளவும் அந்தத் தள்ளுதல் நீடிக்கும். வெளியே வந்தபின் தள்ளுவாரில்லை. ஊதுகுழலில் மண் உருண்டையை வைத்து ஊதும் சிறுவர் இதை நன்கறிவர். மாக்னம் போன்ற வலிய ரிவால்வரில் குழல் ஓர் அங்குலம் கூடினால் குண்டின் வேகம் விநாடிக்கு 25 முதல் 50 அடி வரை கூடுவது சாதாரணம். குழல் குட்டையானால் எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து பெருஞ்சுவாலையாக எரியும், செவி அடைக்கும், இருட்டில் சுட்டவருடைய கண்ணே சிறிது நேரம் குருடாகும். மேலும் ரிவால்வரில் சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. அதன் வழியாக ஆவியில் ஒரு பங்கு பக்கவாட்டில் வீணாகின்றது. குழல் முழுதும் ஒன்றாயுள்ள துப்பாக்கிக்கு இக்குறை இல்லை.

வேகத்தைவிட முக்கியமானது குறி. குறி பார்ப்பதென்பது கண்ணுக்கு அருகிலுள்ள பள்ளத்தையும் குழலின் நுனியிலுள்ள முளையையும் இலக்கையும் ஒரே கோட்டில் கொண்டுவருவது. இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் குறைந்தால் கையின் சிறு அசைவும் பெருந்தவறாகும். பின்வரும் கணக்கை எவரும் தரையில் கோடு கீறியே சரிபார்த்துக்கொள்ளலாம். முன்முளை ஒரு நெல்லின் அகலம், அதாவது ஏறக்குறைய பத்தில் ஓர் அங்குலம், விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கு 25 கஜ தூரத்தில், அதாவது 900 அங்குலத்தில் இருக்கின்றது. பள்ளத்துக்கும் முளைக்கும் நாலங்குலமே உள்ள ரிவால்வரில் குண்டு இலக்கை விட்டு இருபத்திரண்டரை அங்குலம் விலகிப் போகும். எட்டங்குலமானால் விலகல் பதினொன்றேகால் அங்குலம். முப்பதங்குலக் குழலுள்ள தோள் துப்பாக்கியிலோ சுடுபவரின் கண்ணே பின்குறியாக இருப்பதால், கண்ணுக்கும் முளைக்கும் சுமார் நாற்பது அங்குலம் இருக்கும். ஆகையால் அதே நெல்லளவுத் தவறு இரண்டேகால் அங்குலத்தோடு நின்றுவிடும். முதற்கணக்கில் பன்றி முழுதும் தப்பும், அல்லது தொடையில் அடிபட்டு ஓடும். கடைசிக் கணக்கில் குண்டு குறித்த இடத்தையே ஒட்டி விழும். அன்றியும், தோள் துப்பாக்கிக்குத் தோள், கன்னம், இரண்டு கைகள் என்று நான்கு தாங்கல்கள் உண்டு. ரிவால்வருக்கு நீட்டிய கைகளைத் தவிர வேறு தாங்கல் இல்லை. இரவுக் குளிரில் கண்விழித்திருந்த கை எவ்வளவு நடுங்கும் என்று சொல்லவேண்டுவதில்லை.

அடியின் வலுவையும் பார்க்கலாம். ஒரு ராத்தல் எடையை ஓரடி உயரம் தூக்கும் வேலைக்கு ஓர் அடி-ராத்தல் என்று பெயர். நம் நாட்டில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்டு லைசென்சுதாரருக்கு விற்கப்படும் .32 ரிவால்வரின் குழல் சுமார் மூன்றங்குலம். அவ்வகைத் தோட்டாவின் வலு நூறு அடி-ராத்தலுக்குச் சற்று மேற்பட்டதே. பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கியில் ஓர் அவுன்ஸ் ஈயக்குண்டோ 1,500 அடி-ராத்தலுக்குக் குறையாமல் தாக்கும். தடித்த தோலும் கொழுப்பும், தோளில் கேடயம்போல் இறுகிய சதையும் உள்ள முதிர்ந்த ஆண்பன்றியை முன்னதால் சுடுவது அதைக் கோபமூட்டுவதற்குச் சமானம். காயம்பட்ட பன்றி புதரில் புகுந்துவிட்டால், காலையில் களையெடுக்க வரும் பெண்களுக்கே ஆபத்து.

அப்படியானால் குழல் நீண்டுகொண்டே போகலாமா என்றால், அதுவும் இல்லை. பழைய கரிமருந்து மெதுவாக எரியும். ஆகையால் வாய்வழி கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளுக்கு நெடுங்குழல் தேவைப்பட்டது. புகையில்லாத மருந்து வந்தபின் அது குழலின் முதற் பகுதியிலேயே எரிந்து தீர்ந்துவிடுகின்றது. 1920-களில் இங்கிலாந்தில் ராபர்ட் சர்ச்சில் என்னும் துப்பாக்கி வினைஞர் இருபத்தைந்து அங்குலக் குழலே போதுமென்று சாதித்தபோது, முப்பதங்குலத்திற் பழகியவர்கள் அவருடன் பெரிய வாதம் நடத்தினார்கள். பின்வந்த அனுபவத்தில், ரவைத் துப்பாக்கியில் ஓர் அங்குலம் கூடுவதால் பெறும் வேகம் விநாடிக்குப் பத்தடிக்கு உட்பட்டதே என்று தெரிந்தது. வரப்பில் நடப்பவருக்கு இருபத்தாறு முதல் முப்பது அங்குலம் வரை எதுவும் தகும். உயரம் குறைந்தவர் சிறியதைக் கொள்வது நலம். அதற்குமேல் நீளத்தைப் பற்றிய வாதம் திண்ணைப்பேச்சுக்கே உதவும்.

இனிச் சட்டம். 1878-ம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக 1959-ம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம், குழல் நீளத்தையே ஓர் எல்லைக் கல்லாக நட்டிருக்கின்றது. அதன் 13-வது பிரிவின்படி, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வரியில்லாத துப்பாக்கியைக் கேட்கும் பிரஜைக்கும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்கும் குடியானவருக்கும், வேறு தடை இல்லாவிடில் அதிகாரி லைசென்சு கொடுக்கவேண்டும். வாய்வழித் துப்பாக்கி பயிரைக் காக்கப் போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், வரியில்லாத வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். ரிவால்வர் இந்த வரிசையில் இல்லை. அதைக் கேட்பவர் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி உண்டாக்கவேண்டும். பன்றி வருகின்றது என்பது அக்காரணமாக ஏற்கப்படுமென்று எதிர்பார்ப்பது வீண். குடியானவருக்குத் தேவையான ஆயுதத்தைச் சட்டம் சுலபமாக்கியிருக்க, தேவையில்லாததற்கு மனு எழுதி ஆபீசுக்கு நடப்பதில் பொருளும் காலமும் போகும்.

அச்சட்டத்தின் 6-வது பிரிவு இன்னும் கவனிக்கத் தக்கது. லைசென்சு இன்றித் துப்பாக்கிக் குழலைக் குறுக்கலாகாது என்று அது விதிக்கின்றது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கியின் நுனி துருவேறி வெடித்திருக்கின்றது என்று ஊர்க் கொல்லரிடம் கொடுத்து இரண்டு சாண் அறுத்துவிடுவது ஒரு சிறு பழுதுபார்க்கும் வேலையாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அறுத்துக் கொடுத்த கொல்லரும் தப்பமாட்டார்.

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் இவ்விஷயத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. மாடம்பாக்கம், வேங்கைவாசல், முடிச்சூர், வண்டலூர் ஆகியவை ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த கிராமங்கள். சென்னை நகரத்து வெள்ளைக்காரர் குளிர்காலத்தில் இத்தகைய ஈர வயல்களில் உள்ளான் சுடுவதைப் பெரிய பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். நீண்ட குழலும் பொடி ரவையும் அவர்களுக்கு ஏற்றவையாயிருந்தன. துப்பாக்கியால் இந்த ஜில்லாவின் குடியானவர்களுக்கு நஷ்டமும் வந்ததுண்டு. வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, எச்சம் கலந்த அந்த ஏரி நீரே தங்கள் வயலுக்கு எரு என்று அறிந்திருந்த கிராமத்தார் முறையிட்டார்கள். செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ம் ஆண்டு வாக்கில் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்.

இன்று அவ்வயல்களில் பெரும்பகுதி வீட்டு மனைகளாகிவிட்டது. 2021-ம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2022-ம் ஆண்டு ஜனவரியில் அதற்குத் தனிப் போலீஸ் கமிஷனர் அலுவலகமும் ஏற்பட்டது. மிஞ்சியுள்ள ஒரு காணி நிலத்தின் நான்கு புறமும் மாடி வீடுகள் நிற்கின்றன. ரிவால்வர் குண்டாயினும் பன்னிரண்டாம் நம்பர் குண்டாயினும், இலக்கைத் தப்பினால் அரை மைலுக்கு மேல் செல்லக்கூடியது. மேலே காட்டிய இருபத்திரண்டரை அங்குல விலகல் அத்தூரத்தில் எத்தனை கஜமாகும், அங்கே யாருடைய ஜன்னல் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். 25 கஜத்துக்கு 22½ அங்குலமானால், 880 கஜத்துக்கு 22 கஜம். நெல்லளவு தவறுக்கு இருபத்திரண்டு கஜம்!

லைசென்சு இருந்தாலே சுடலாம் என்பதும் தவறான எண்ணம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி வேட்டையாடுதல் குற்றம். வைத்திருக்கும் உரிமை வேறு, சுடும் உரிமை வேறு. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2022-ம் ஆண்டு முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் முதலானவர்களுக்கு அளிக்கப்பட்டு, லைசென்சுள்ள உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்கள் அவ்வேலைக்கு அழைக்கப்படுகின்றனர். தமிழ்நாட்டு அரசு 2025-ம் ஆண்டு ஜனவரியில் வேறு வழியை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வந்த பன்றியைச் சுடலாகாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்ததைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கப்பால் வந்ததை வனத்துறையினரே சுடலாம். இம்முறையில் குடியானவரின் துப்பாக்கிக்கு வேலை இல்லை. சேதத்தை உடனே எழுத்து மூலம் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே அவர் செய்யவேண்டியது. இது விரைவாக நடக்கின்றதா என்பது வேறு கேள்வி. அங்கத்தினர்கள் தனித்தனியே போவதைவிடச் சங்கத்தின் வாயிலாகச் சர்வே நம்பர்களோடு ஒரே மனுவாகக் கொடுத்தால் விசாரணை செய்வோருக்கு இலகுவாகும்.

பழைய துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் அதன் நீளத்தைத் தாமே அளந்து, லைசென்சுப் புத்தகத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. குழல் நீளமென்பது நுனி முதல் மருந்து பற்றும் இடம் வரையுள்ளது என்று சட்டமே சொல்லியிருக்கின்றது. கட்டையைச் சேர்த்து அளப்பது தவறு. கடைக்காரர் ரிவால்வருக்குச் சொல்லும் அங்குலம் உருளைக்கு முன்னாலுள்ள குழலை மட்டும் குறிக்கும். வாய்வழித் துப்பாக்கியில் கேப்பு வைக்கும் முளையைத் தொட்டும் பார்க்குமுன், உள்ளே பழைய மருந்து கெட்டித்திருக்கவில்லை என்று லைசென்சுள்ள வியாபாரியிடம் காட்டி நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் பரணில் கிடந்த துப்பாக்கியில் மருந்து இருந்து வெடிப்பது அபூர்வமன்று. தேர்தல் காலத்தில் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தால், கொண்டுபோவதற்கு முன்னமே இதை முடித்துவைத்து, ரசீதை வாங்கி லைசென்சுப் புத்தகத்துடன் சேர்த்து வைக்கவேண்டும்.