போருக்குப் போனார், பதக்கம் எங்கே?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டாளத்துக்காரர்களே, உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்!

1971 பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் நின்றவருக்கு 'பூர்வி ஸ்டார்', மேற்கு முனையில் நின்றவருக்கு 'பஸ்சிமி ஸ்டார்' உண்டு. புத்தகத்தில் அந்தப் பதிவு விடுபட்டிருந்தால், "நான் சண்டையிலே இருந்தேனே" என்று வாயால் சொன்னால் எடுபடாது. காகிதம் பேச வேண்டும்.

இதற்காக டில்லிக்கு ஓட வேண்டாம். அவரவர் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீசில்தான் பதிவேடு இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூர். பட்டாள நம்பர், யூனிட், புத்தக நகலுடன் மனுப் போட வேண்டும். விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால், 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது.

இந்த ஸ்டாரால் பென்ஷன் ஒரு பைசா ஏறாது. ஆனால் தாத்தா போருக்குப் போனது நிஜம்தான் என்று பேரன் எடுத்துக் காட்ட வேறென்ன இருக்கிறது?